மாற்றிப் படித்த முடிவு

ஜமுனாமரத்தூர் புளி மண்டிக்குப் பின்னால் இருந்த கொட்டகையில், கையை அசைக்காமல் வாயால் மட்டும் வேலை செய்தவள் ரஞ்சிதம் ஒருத்திதான். மலையில் புளி உலுக்கி முடிந்ததும் பெண்கள் அங்கே கூடி உட்கார்ந்து, கட்டையால் தட்டி ஓடு நீக்கிக் கொட்டை எடுப்பார்கள். ரஞ்சிதம் கதைப் புத்தகம் படிப்பாள். அவள் பங்குப் புளியை மற்றவர்கள் ஆளுக்கு ஒரு கை அள்ளிக்கொண்டு முடித்துக் கொடுப்பார்கள். யாரும் எழுதி வைக்காத ஒப்பந்தம் அது. நன்றாகவே நடந்துகொண்டிருந்தது.

ரஞ்சிதம் படவேட்டுக்காரி. பஸ் நிற்கும் இடத்தில் டீக்கடை வைத்திருந்த துரைக்கண்ணுவைக் கட்டிக்கொண்டு மலையேறி வந்தவள். எட்டாவது வரை படித்திருந்தாள். அதை அவளும் மறக்க மாட்டாள், அடுத்தவர்களையும் மறக்க விடமாட்டாள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மாத நாவல்கள் பஸ் ஸ்டாண்டுக்கு பஸ் ஸ்டாண்டு தொங்கிய காலம். யாரோ ஒரு பயணி சீட்டில் விட்டுப்போன 'கஷாயக் கிண்ணம்' என்ற மர்ம நாவலைக் கண்டக்டர் டீக்கடையில் போட்டுவிட்டுப் போனார். அட்டையில் ஒரு கிண்ணம், அதற்கு மேலே மிரண்ட இரண்டு கண்கள். ரஞ்சிதம் அன்றைக்கே அதை இடுப்பில் செருகிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள்.

கதையில் ஒரு மிராசுதார் கஷாயம் குடித்துச் சாகிறார். அதைக் கொடுத்தவள் அவருடைய இளைய மனைவி. மூலிகை அரைத்துக் காய்ச்சியவள் பக்கத்துக் காட்டிலிருந்து வரும் மருந்துக்காரி. விஷம் வைத்தது யார்? கொட்டகை இரண்டாகப் பிளந்தது. இளையவள்தான் என்றவர்கள் புளிக்குவியலின் இந்தப் பக்கம், மருந்துக்காரிதான் என்றவர்கள் அந்தப் பக்கம். மங்கம்மாளும் அவள் நாத்தனாரும் இதனால் தண்ணிக்குடத்தைக்கூட ஒருவருக்கொருவர் தூக்கிவிடாமல் போனார்கள்.

இதில் மாட்டிக்கொண்டவள் மாணிக்கம்மாள். போன வருஷம்தான் காசிக்கு இரண்டாம் தாரமாக வந்தவள். மூத்தவளின் சொந்தக்காரிகள் பாதிப்பேர் அதே கொட்டகையில் இருந்தார்கள்.

"ஏன்மே மாணிக்கம், உங்கூட்டுக்காரருக்கு நீயா சோறு போடறே? இன்னாத்த கலக்கறியோ!" என்பாள் ஒருத்தி. மற்றவர்கள் சிரிப்பார்கள். மாணிக்கம்மாள் தலையைக் குனிந்துகொண்டு புளியைத் தட்டுவாள். கொட்டையும் சேர்ந்து உடையும்.

ரஞ்சிதத்துக்குப் பொறுமை ஏது? அடுப்படியில் உட்கார்ந்து கடைசிப் பக்கங்களை முன்கூட்டியே படித்துவிட்டாள். விஷம் வைத்தவள் இளையவள்தான். மூத்தவளுக்குப் பைத்தியம் என்று கதைகட்டி மிராசுதார் உக்கிராண அறையில் பூட்டி வைத்திருந்தார். அதைப் பொறுக்காமல் செய்தேன் என்கிறாள் இளையவள். இதை அப்படியே படித்தால் மாணிக்கம்மாளை வாயாலேயே கொன்றுவிடுவார்கள் என்று ரஞ்சிதம் பயந்தாள். அதனால் முடிவை மாற்றினாள். இரக்கம் பாதிதான். தன் வாயிலிருந்தும் ஒரு கதை பிறக்கட்டுமே என்ற திமிர் மீதிப் பாதி. பின்னால் அவளை அதிகம் குடைந்தது அந்த மீதிதான்.

அன்றைக்கு அவள் கண் தாளில் இருந்தது, வாய் வேறு எங்கோ போனது. துப்பறிபவர் மருந்துக்காரியிடம் கிண்ணத்தை நீட்டி, "முதலில் நீ குடி" என்கிறார். அவள் கை நடுங்குகிறது. கிண்ணம் கீழே விழுகிறது. அவ்வளவுதான், குற்றவாளி அகப்பட்டாள். கொட்டகையில் ஒரு கட்டை சத்தம்கூட இல்லை. ரஞ்சிதம் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு நன்றாகப் படித்ததில்லை.

ஜெயித்த கட்சி கூத்தாடியது. அதில் யாரோ, "செல்லி, இனிமே உங்கிட்ட மருந்து வாங்கறதுன்னா ரோசனை பண்ணணும் போல கீதே!" என்றார்கள். செல்லி மேலே இருந்த சிற்றூர்க்காரி. கொட்டை எடுக்க வருகிறவள்தான், ஆனாலும் மலையில் பாதி வீடுகளுக்கு இருமலுக்கும் காய்ச்சலுக்கும் பச்சிலை கொடுப்பவள். செல்லியும் சிரித்தாள். ரஞ்சிதமும் சேர்ந்து சிரித்தாள்.

கதை வேறு, நிஜம் வேறு என்று தெரியாத மக்கு யாரும் அங்கே இல்லை. செல்லி விஷம் வைப்பாள் என்று ஒருவரும் நம்பவில்லை. ஆனாலும் அந்த வாரமே, இருமலுக்குச் செல்லி கொடுத்த கஷாயத்தை மங்கம்மாள், "அப்பால குடிக்கிறேன்" என்று ஓரமாக வைத்தாள். செல்லி வாசல் தாண்டியதும் பப்பாளி மரத்தடியில் ஊற்றினாள். செல்லி திரும்பிப் பார்த்துவிட்டாள்.

அடுத்த வீட்டில் செல்லி கிண்ணத்திலிருந்து உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றித் தான் முதலில் குடித்தாள். "பாத்துக்கோங்க, நான் உசுரோடதான் கீறேன்" என்று சிரித்தாள். அவர்களும் சிரித்தார்கள். அதற்கு அடுத்த வீட்டிலும் குடித்தாள். கொஞ்ச நாளில் சிரிப்பு நின்றுபோனது, குடிப்பது மட்டும் நிற்கவில்லை. வேண்டாம் என்று யாரும் சொல்லவும் இல்லை. எல்லோருக்கும் அது சௌகரியமாக இருந்தது.

டீக்கடையில் இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் ரஞ்சிதம் டம்ளர் கழுவ எழுந்து போவாள். புத்தகத்தை அரிசிப்பானைக்குள் ஒளித்து வைத்தாள். உண்மையைச் சொன்னால் மாணிக்கம்மாள் கதி என்ன? படிப்பவள் என்ற தன் பேர் என்ன ஆகும்? இரண்டாவது கேள்வியை மனசுக்குள்கூட அவள் மெதுவாகத்தான் கேட்டுக்கொண்டாள். புளிக்காலம் முடிந்தது. சொல்லாமலே விட்டுவிட்டாள்.

ஐப்பசி அடைமழையில் அவள் மகள் செந்தாமரைக்குக் கண் மஞ்சளடித்தது. மலைப்பாதையில் பாறை சரிந்து பஸ் வரவில்லை. விஷயம் எப்படியோ காதுக்கு எட்டி, கூப்பிடாமலே செல்லி நனைந்துகொண்டு வந்தாள். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கிண்ணத்தை நீட்டினாள்.

ரஞ்சிதம் கையை நீட்டினாள். பாதியில் கை நின்றது.

கண்ணிமைக்கும் நேரம்தான். அந்தக் கதையைக் கட்டியவளே அவள்தான். பொய் என்று இந்த மலையில் தெரிந்த ஒரே ஆளும் அவள்தான். இருந்தும் நின்றது அந்தப் பாழாய்ப்போன கை. செல்லி உள்ளங்கையில் ஊற்றிக் குடித்தாள், முந்தானையில் வாயைத் துடைத்தாள்.

"இந்தாம்மே, எனக்கு ஒண்ணியும் ஆவல. புள்ளைக்குக் குடு."

குழந்தைக்குப் புகட்டி முடித்ததும் ரஞ்சிதம் உடைந்து அழுதாள். "யக்கா, புஸ்தகத்துல அப்பிடி இல்லக்கா. அந்த மருந்துக்காரி ஒண்ணியும் பண்ணல. மாணிக்கத்த இன்னா சொல்வாங்களோன்னு நான்தான் மாத்திப் படிச்சிட்டேன். என்ன மன்னிச்சிடுக்கா."

செல்லி ஈரத் தலையைப் பிழிந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். கோபப்பட்டிருந்தால் ரஞ்சிதத்துக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

"எங்கிட்ட சொல்லி இன்னாம்மே? நான் ஒண்ணியும் பண்ணலன்னு எனக்கு முன்னியே தெரியுமே. அத்த அங்க சொல்லு" என்றாள். மறுநாளும் மருந்தோடு வந்தாள். செந்தாமரை தேறினாள்.

அடுத்த புளிக்காலம் தொடங்கிய அன்றே ரஞ்சிதம் புத்தகத்தைக் கொண்டுபோனாள். தான் செய்ததைச் சொல்லி, கடைசிப் பக்கங்களை உள்ளபடி படித்தாள். மாணிக்கம்மாளை நிமிர்ந்து பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"போன வருசம் ஒண்ணு, இந்த வருசம் ஒண்ணா?" என்றாள் மங்கம்மாள். "அவ உம் புள்ளையக் காப்பாத்திட்டா, அதுக்கோசரம் செல்லிக்குப் பரிஞ்சிகினு இப்ப மாத்திப் படிக்கறே."

"இல்லக்கா, சத்தியமா! நீங்களே பாருங்க" என்று ரஞ்சிதம் புத்தகத்தை விரித்து நீட்டினாள். யார் பார்ப்பது? அந்தக் கொட்டகையில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவள் சொன்னால்தான் அது எழுத்து. அந்தச் சொல்லை அவளே கெடுத்துக்கொண்டிருந்தாள்.

மாணிக்கம்மாள்தான் கட்டையைக் கீழே வைத்தாள். "அந்த இளையவ மூத்தவளுக்காகவா செஞ்சா? நல்லா செஞ்சா! அன்னைக்கே படிச்சிருந்தா நான் தலைய நிமித்தி உக்காந்திருப்பேனே யக்கா" என்றாள். யாரைக் காப்பாற்றுவதாக நினைத்தாளோ அவளுக்கே அது தேவைப்படவில்லை. ரஞ்சிதம் புத்தகத்தை மூடினாள்.

அதன்பிறகு கொட்டகை வேறு விதமாகப் பிளந்தது. முதலில் படித்ததுதான் அசல் என்று ஒரு கட்சி, இரண்டாவதுதான் அசல் என்று ஒரு கட்சி. சண்டை தீரவே இல்லை. ஆனால் இன்னொரு கதை படி என்று அவளை யாரும் கேட்கவில்லை. ரஞ்சிதம் கட்டையை எடுத்துத் தன் பங்குப் புளியைத் தானே தட்ட ஆரம்பித்தாள்.

அந்த வருஷக் கடைசியில் துரைக்கண்ணுவுக்கு விடாத காய்ச்சல். செல்லி கஷாயம் காய்ச்சி எடுத்துவந்தாள். இந்தத் தடவை ரஞ்சிதம் தயாராக இருந்தாள். செல்லி வாசற்படி ஏறியதுமே ஓடிப்போய் இரண்டு கையாலும் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாங்க்கா, நீ குடிக்காத! எங்கூட்ல நீ குடிக்கவே கூடாது!"

செல்லி அவளை வியப்பாகப் பார்த்தாள். செல்லியின் உள்ளங்கை ஏற்கெனவே ஈரமாக இருந்தது.

"வழியிலயே குடிச்சிட்டேன்மே" என்றாள். "பழகிப்போச்சு."