லுசாக்காவில் உம்மாவின் கிணறு

பாலமுனையில் சுட்டாறிய தண்ணீரைத் தவிர வேறொன்றும் குடிக்காத ஒரே மனிதர் ஜெமீல். கடற்கரை மணலில் பத்தடி தோண்டினால் இளநீர்போலத் தண்ணீர் வருகிற ஊரில் இப்படியொரு கூத்து. சாம்பியாவின் லுசாக்கா நகரத்தில் ஆறு வருடம் கட்டட வேலையில் மேசன் பாஸாக இருந்து வந்ததால் உடம்புக்குச் சொகுசு பழகிவிட்டது என்று ஊர் சிரித்தது. சிரிக்கட்டும். கிணற்றில் வாளி விழுகிற சத்தம் கேட்டால் அவர் எழுந்து வீதிக்குப் போய்விடுவார். மனைவி றாஹிலா அதைக் கவனித்திருந்தாள், ஆனால் காரணம் அவளுக்கும் தெரியாது.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு தம்பி நஸீர் வந்தான். கல்முனையில் மின்சாரச் சாமான் கடை வைத்திருப்பவன். நல்ல காரியம் என்றால் முந்திக்கொண்டு நிற்பான்.

“காக்கா, உம்மாட பேர்ல இன்னும் பத்துக் கிணறு. அதே லுசாக்காவுலதான். ஜமாஅத்துல எல்லாரும் சேந்திட்டாங்க. நீங்க அங்க கட்டின மாதிரி ஒரு படம் கீறித் தாங்க, போதும்.”

ஜெமீல் சாப்பாட்டை ஒதுக்கி வைத்தார். அந்தப் படத்தைக் கீறிக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பது அந்த வீட்டில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

அவர் போன காலத்தில் லுசாக்கா வீங்கிக்கொண்டிருந்தது. அவருடைய கம்பனி நான்கு வழி வீதி போட்டது. வீதி முடிகிற இடத்தில் கண்ணாடிச் சுவரோடு கடைத்தொகுதி எழுந்தது. அதையெல்லாம் கட்ட வந்த சனம் எங்கே இருக்கும், எதைக் குடிக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. வீதிக்குப் பின்னால் வீட்டோடு வீடு ஒட்டி முளைத்தது, வீட்டுக்கொரு கக்கூஸ் குழி. குழாயும் கிடையாது, கழிவுநீர் ஓடக் கானும் கிடையாது. வேலைத்தளத்தில் சமைத்த சிலேஷே என்ற பெண், தண்ணீர் வரிசையில் நின்று களைத்து வந்து, அடுப்படியில் நின்றபடியே தூங்கி விழுவாள்.

அந்த நேரத்தில்தான் ஜெமீலின் உம்மா ஸுஹைறா பாலமுனையில் மௌத்தானார். ஜனாஸா அடக்கத்துக்கு அவரால் வர முடியவில்லை. அப்படித் தவிக்கிற நம் ஊர்க்காரனுக்கு என்ன தோன்றும்? மௌத்தானவர் பெயரில் ஒரு கிணறு. அதில் தண்ணீர் இருக்கும்வரை நன்மை போய்ச் சேர்ந்துகொண்டிருக்கும். ஊரில் நூறு கிணறு இறக்கிய கை அது. சிலேஷேயின் வளவுக்குப் பக்கத்தில் சீக்கிரமே தண்ணீர் கண்டார், கொங்கிறீட் வளையம் இறக்கினார், கட்டுச் சுவரில் உம்மாவின் பெயரைப் பதித்தார். சனம் அந்தப் பெயரையே பிடித்துக்கொண்டது. “ஸுஹைறாவுக்குப் போகிறோம்” என்று சொல்லிக்கொண்டு வாளியோடு போவார்கள். அதைக் கேட்டு அவர் மறைவாகப் போய் அழுதிருக்கிறார்.

நம் மணல் எதையும் வடிகட்டித் தரும். லுசாக்காவின் அடியில் கிடப்பதோ வெடிப்பு விழுந்த சுண்ணாம்புப் பாறை. கேட்டிருந்தால் யாராவது சொல்லியிருப்பார்கள். கிணறு வெட்டத் தெரிந்தவனுக்குக் கேட்கத் தோன்றவில்லை. கிணறு வெட்டிய இரண்டாம் வருட மாரியில் குழிகளில் கிடந்ததெல்லாம் பாறை வெடிப்புக்குள்ளால் கிணற்றுக்கு வந்து சேர்ந்தது. வாந்திபேதி. சிலேஷே ஒரே பகலில் முடிந்துபோனாள். சுகாதாரக்காரர்கள் தண்ணீரைச் சோதித்துவிட்டுக் கிணற்றை மூடச் சொன்னார்கள். உம்மாவின் பெயருக்கு மேல் கொங்கிறீட் ஊற்றியதும் ஜெமீலின் கைதான். அந்தக் கிணற்றால் எத்தனை பேர் போனார்கள் என்று மட்டும் எவராலும் சொல்ல முடியவில்லை. மூன்றா, முப்பதா? அந்தக் கேள்வி அவரோடு விமானமேறி ஊருக்கு வந்துவிட்டது. கிணறு கட்டிய சேதியை ஊருக்குச் சொன்னவர், மூடிய சேதியை வீட்டில்கூடச் சொல்லவில்லை.

“வேணாம், நஸீர்,” என்றார்.

“ஏன் காக்கா? நன்மையில எங்களுக்கும் பங்கு தர மனமில்லையா?”

அந்தச் சொல் அவரைச் சுட்டது. எல்லாவற்றையும் சொன்னார். தன் பிழையில் ஒன்றையும் மறைக்கவில்லை.

நஸீர் கதிரையை அவருக்குக் கிட்ட இழுத்துப் போட்டான். “நிய்யத்து நல்லதுதானே காக்கா, நீங்க மனசுல நெனச்சது நன்மையத்தானே. அல்லாஹ் அதத்தான் பாப்பான்.”

“அல்லாஹ் பாப்பான். சிலேஷேட புள்ளயள் என்னத்தப் பாக்கும்? அந்த ஊருக்குக் குழாய் வேணும், கான் வேணும். அது அங்கத்த அரசாங்கம் செய்ய வேண்டிய வேல, நாம ஸதகா எண்டு தர்மமாக் குடுக்கிற சாமான் இல்ல. ஒரு கிணறும் வெட்டப்படாது.”

“அப்ப ஜமாஅத்துக்கு என்னத்தச் சொல்ற?”

“உண்மையச் சொல்லு. என்ட பேரையும் சொல்லு.”

நஸீர் தலையாட்டிவிட்டு எழுந்து போனான். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனதைக்கூட அவன் உணரவில்லை. அப்போதுதான் குசினி வாசலில் றாஹிலா நிற்பதை ஜெமீல் கண்டார். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அவள் கத்தவில்லை, அழவுமில்லை.

“நீங்க வந்து எட்டு வருஷம்,” என்றாள். “ஒவ்வொரு நாளும் சுபஹுத் தொழுதிட்டு துஆக் கேக்கிறன். மாமிட கிணறு வத்தப்படாது, அந்தச் சனமெல்லாம் அதுல வயிறாறக் குடிக்கணும் எண்டு.”

ஜெமீல் எழுந்து அவளிடம் போகப் பார்த்தார்.

“நீங்க பக்கத்துல இருந்து ஆமீன் சொன்னீங்க.”