கடலூர் என்று எழுதியிருந்த டப்பா

சுனாமி வந்து போன பிறகு பல மாதங்கள் எனக்குத் தலைநிமிர நேரமில்லை. கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் போகிற தெருவில் ஒரு வலைக்கடைக்குப் பக்கத்து அறையை வாடகைக்கு எடுத்து ஒயர்லெஸ் செட் ரிப்பேர் செய்துகொண்டிருந்தேன். விசைப்படகுக்காரர்கள் கரையோடும் மற்ற படகுகளோடும் பேசுவதற்கு வைத்திருக்கிற செட்டுகள். உப்புத் தண்ணீரில் ஊறியவற்றைக் கோணிப்பையில் அள்ளிக்கொண்டு வந்து கொட்டினார்கள். கழுவிக் காயவைத்துப் பார்த்தால் பெரும்பாலான செட்டுகளில் ஒரே டிரான்சிஸ்டர்தான் போயிருந்தது. பேச்சைத் தூரத்துக்கு அனுப்புகிற கடைசி டிரான்சிஸ்டர். அது போய்விட்டால் செட்டில் மற்றவர்கள் பேசுவது கேட்கும், நாம் பேசுவது யாருக்கும் போகாது.

அந்த நம்பர் டிரான்சிஸ்டரைச் செய்வதையே கம்பெனி நிறுத்திவிட்டது. புதுச்சேரியில் கேட்டேன், விழுப்புரத்தில் கேட்டேன். சென்னையில் ஒரு கடைக்காரர், "அதெல்லாம் அந்தக் காலம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார்.

சிதம்பரத்தில் என் ஐ.டி.ஐ. நண்பன் ஒருவன் கடை வைத்திருந்தான். ரேடியோ, டிவி மெக்கானிக் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். முதல் மாதம் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அவன்தான் தன் பையைத் தூக்கிக்கொண்டு வந்து என் பெஞ்சில் உட்கார்ந்தான். இரண்டு வருடமும் அந்த இடத்தை விட்டு மாறவில்லை. அவனுடைய ரெக்கார்டு நோட்டில் பாதிப் படங்கள் நான் வரைந்தவை. எனக்குக் கல்யாணம் ஆன பிறகு என் கணவர் அவனை மச்சான் என்றுதான் கூப்பிட்டார். கிறிஸ்துமஸுக்கு அவன் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வருவான். திருவாதிரைக்கு அவன் வீட்டிலிருந்து களி வரும்.

நம்பரைச் சொன்னதும், "இரு, தேடித் தர்றேன்" என்றான். மூன்று வாரம் கழித்து ஃபோன் செய்தான். "கெடைச்சிடுச்சி. பத்துப் பன்னெண்டு பீஸ் ஒனக்கு அனுப்புறேன். பஸ்ஸுல குடுத்து விடுறேன், ஸ்டாண்டுல போயி வாங்கிக்க."

கண்டக்டர் ஒரு ஃபிலிம் ரோல் டப்பாவை என் கையில் கொடுத்தார். நான் நின்ற இடத்திலேயே மூடியைத் திறந்து பார்த்தேன். அவ்வளவு சந்தோஷம்.

ஒரே வாரத்தில் எட்டு செட்டுகளில் போட்டேன். எத்தனை வாட் வெளியே போகிறது என்று அளக்கிற மீட்டர் என்னிடம் கிடையாது. பக்கத்திலேயே தேவனாம்பட்டினத்தில் இருந்த ஒருவரோடு ஒவ்வொரு செட்டிலும் பேசிப் பார்த்தேன். தெளிவாகக் கேட்கிறது என்றார். இன்னும் தூரமாக வைத்துச் சோதித்திருக்க வேண்டும். அவன் அனுப்பியது என்பதால் எனக்கு அது தோன்றவே இல்லை.

இருபது நாள் கழித்து, நான் மாமா என்று கூப்பிடுகிற ஒரு படகுக்காரர் செட்டைத் தூக்கிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தார். நடுக்கடலில் இன்ஜின் நின்றுவிட்டது. ஒயர்லெஸ்ஸில் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். மற்ற படகுகள் பேசுவது இவர்களுக்குக் கேட்டிருக்கிறது. இவர்கள் கூப்பிடுவது ஒருவருக்கும் கேட்கவில்லை. இரண்டு நாள் நீரோட்டத்தில் போய், கடைசியில் ஒரு காரைக்கால் படகு தற்செயலாகப் பார்த்துக் கயிறு கட்டி இழுத்து வந்திருக்கிறது. ஆறு பேர். அவர் மகனும் அதில் ஒருவன்.

"ஒன் கைபட்ட செட்டுன்னு நம்பிக் கொண்டு போனோம்மா" என்றார். குரலை உயர்த்தவில்லை. உட்காரச் சொன்னேன், உட்காராமல் போய்விட்டார்.

செட்டைப் பிரித்தேன். புது டிரான்சிஸ்டர் கருகியிருந்தது. டப்பாவில் மிச்சமிருந்ததில் ஒன்றை எடுத்து, பழைய செட்டிலிருந்து கழற்றிய அசல் ஒன்றோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். எழுத்து கொஞ்சம் தடிமனாகத் தெரிந்தது. பஞ்சைத் தின்னரில் நனைத்துத் தேய்த்தேன். நம்பர் பஞ்சோடு வந்துவிட்டது. அடியில் மங்கலாக வேறொரு நம்பர் இருந்தது. சக்தி குறைந்த ஏதோ ஒன்றின் முகத்தைத் தேய்த்து, மேலே இந்த நம்பரை அச்சடித்திருக்கிறார்கள்.

அவனைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அய்யய்யோ, என்னையும் ஏமாத்திட்டானா சென்னைக்காரன்" என்றான். ஆறு பேர் கதையைச் சொன்னபோது அழுதுவிட்டான். நான்தான் அவனுக்கு ஆறுதல் சொன்னேன். நீ என்ன பண்ணுவ, ஒனக்கு எப்படித் தெரியும் என்று. இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

மறுநாள் காலை சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன். அவன் கடைப் பரணில் பழைய செட்டுகள் கிடக்கும். இரண்டு பேருமாகப் பிரித்துத் தேடினால் நாலு அசலாவது தேறும் என்று எண்ணம். நான் போனபோது அவன் இல்லை. கிள்ளையில் ஒரு செட்டைப் பொருத்தப் போயிருக்கிறான் என்றாள் அவன் மனைவி. மேசையில் உட்கார்ந்து ரசீதுக்கு ரப்பர் ஸ்டாம்ப் குத்திக்கொண்டிருந்தாள்.

"அந்த டிரான்சிஸ்டருக்குத்தான வந்தீங்க அக்கா? ஒங்க டப்பா இங்கதான் இருக்குது. மிச்சத்த அனுப்பணும்னு சொல்லிக்கிட்டு இருந்தாரு" என்று இழுப்பறையைத் திறந்தாள்.

உள்ளே இரண்டு ஃபிலிம் ரோல் டப்பாக்கள். இரண்டிலும் பிளாஸ்திரி ஒட்டி எழுதியிருந்தது. ஒன்றில் 'நல்லது'. இன்னொன்றில் 'கடலூர்'. அவனுடைய கையெழுத்தை எனக்குக் கண்ணை மூடிக்கொண்டும் தெரியும்.

தின்னர் பாட்டில் அவன் மேசையிலேயே இருந்தது. 'நல்லது' டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துத் தேய்த்தேன். எழுத்து அசையவில்லை. 'கடலூர்' டப்பாவில் ஒன்றைத் தேய்த்தேன். நம்பர் பஞ்சோடு வந்துவிட்டது. அவன் மனைவி என் கையைப் பார்த்தாள், பிறகு டப்பாக்களைப் பார்த்தாள். ஸ்டாம்ப் குத்துவதை நிறுத்திவிட்டாள்.

அரை மணி நேரத்தில் அவன் வந்தான். என்னைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியவன், மேசைமேல் இருந்ததைப் பார்த்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"தெரிஞ்சேதான் அனுப்புனியா?" என்று கேட்டேன்.

"நல்லது பத்துதான் வந்துச்சி. இங்க அன்னங்கோயில், முடசலோடை படகுக்காரங்க எல்லாம் என்னத்தான் நம்பி இருக்காங்க. ஒனக்கு இல்லன்னு எப்படி வாயத் தொறந்து சொல்றது?"

"இல்லன்னு சொல்லியிருந்தா நான் வேற எங்கனா தேடியிருப்பேன்."

"கொஞ்ச நாளாச்சும் ஓடும்னு நெனைச்சேன். அதுக்குள்ள வேற கெடைக்கும்னு..."

"நேத்து ஃபோன்ல அழுதியே."

அவன் மனைவி எழுந்து, 'நல்லது' டப்பாவை அப்படியே என் பைக்குள் வைத்தாள். அதில் நாலுதான் இருந்தன. வேண்டாம் என்று தூக்கிப் போட்டுவிட்டு வந்திருந்தால் எனக்குப் பெருமையாக இருந்திருக்கும். ஆனால் ஏழு படகுகளில் அவன் அனுப்பியது இன்னும் இருந்தது. வாங்கிக்கொண்டு வந்தேன்.

அன்று மாலையே துறைமுகத்துக்குப் போய் ஒவ்வொரு படகாக ஏறி, நான் போட்டது போலி, செட்டைக் கழற்றிக் கொடுங்கள் என்று கேட்டேன். ஒருவர் திட்டினார். மற்றவர்கள் பேசாமல் கழற்றிக் கொடுத்தார்கள். ஒரு படகு மட்டும் காலையிலேயே கடலுக்குப் போய்விட்டிருந்தது. அது வர மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளும் கடையைத் திறந்தேனே தவிர ஒரு வேலையும் ஓடவில்லை. வலைக்கடைக்காரர், "படகு வந்துடுச்சும்மா" என்று சொன்னபோது ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்கு ஓடினேன்.

மாமா அதற்குப் பிறகு என்னிடம் செட் கொடுக்கவில்லை. வழியில் பார்த்தால், "நல்லா இருக்கியாம்மா" என்பார், அவ்வளவுதான்.

அந்த நாலு அசலையும் நாலு செட்டுகளில் போட்டேன். மற்றவற்றுக்கு மாற்று கிடைக்க ஐந்து மாதம் ஆயிற்று. பண்ருட்டியில் ஒரு காயலான் கடையில் கிடந்த வேறு வகை ஒயர்லெஸ் செட்டுகளில் இருந்து ஒரு டிரான்சிஸ்டரைக் கழற்றினேன். இனமே வேறு, அப்படியே போட்டால் வேலை செய்யாது. இரண்டு ரெசிஸ்டர் சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாக வோல்ட்டை ஏற்றிப் பார்த்து, நாலைந்தைக் கருக்கிய பிறகுதான் பிடிபட்டது. இந்த முறை ஒரு வாட் மீட்டரும் வாங்கினேன். படகில் நானே ஏறிப் போய், கரை மறைந்த பிறகும் பேசிப் பார்த்தேன்.

நாலு வருடம் கழித்து அவனிடமிருந்து ஃபோன் வந்தது. அதற்குள் அந்தச் செட்டுகளே குறைந்திருந்தன. நம்பரைப் பார்த்ததும் எடுக்கலாமா என்று யோசித்து, எடுத்தேன்.

"நல்லா இருக்கியா?" என்றான். நான் பதில் சொல்வதற்குள், "அந்த டிரான்சிஸ்டருக்கு நீ இன்னாவோ மாத்துப் போட்டிருக்கியாமே. இங்க ரெண்டு படகு செட்டு வந்து கெடக்குது. எனக்கு எங்கயும் கெடைக்கல" என்றான்.

சொல்லக் கூடாது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அந்தச் செட்டோடு கடலுக்குப் போகப் போவது அவன் இல்லை. நம்பரைச் சொன்னேன். டிரான்சிஸ்டரின் எந்தக் கால் எங்கே வர வேண்டும், ரெசிஸ்டர் எவ்வளவு, எத்தனை வோல்ட்டில் நிறுத்த வேண்டும் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் எழுதிக்கொள்வது கேட்டது. மறுபடி ஒருமுறை படித்துக் காட்டினான். ஓர் இடத்தில் தப்பாக எழுதியிருந்தான், திருத்தினேன்.

எழுதி முடித்தான்.

"சரியாத்தான சொல்ற?" என்று கேட்டான்.

மன்னிப்புக் கேட்பான் என்று, என்னை அறியாமலே, ஃபோனை எடுத்த நேரத்திலிருந்து காத்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"வாட் மீட்டர் வச்சிப் பாத்துட்டுக் குடு" என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தேன்.