பெரிய டர்போ

எனக்குத் தலைப்பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரருக்கு இருந்த ஒரே கவலை, காருக்குப் பெரிய டர்போ போடுவதா, சின்ன டர்போ போடுவதா என்பதுதான். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பாதவர்களை அவரிடமே அனுப்பிவிடுவேன். அவர் உட்காரவைத்து இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்க ஆரம்பித்துவிடுவார். எண்பதுகளின் நடுவில் நடந்தது, இன்னும் ஓய்ந்தபாடில்லை.

மாமனாருக்குக் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ், அதாவது தீப்பெட்டி செய்கிற தொழிற்சாலை. அவருடைய பழைய காரில் இருந்த என்ஜினைக் கழற்றிப் போட்டுவிட்டு, தூத்துக்குடியில் வாங்கிய ஜப்பான் டீசல் என்ஜினை என் வீட்டுக்காரர் ஏற்றினார். அதோடு விட்டிருந்தால் நல்ல மனுஷன். இன்னொரு தீப்பெட்டி ஆபீஸ்காரருடைய கார் எட்டயபுரம் ரோட்டில் இவரை முந்திக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து வீட்டில் டர்போ பேச்சு.

நான் ஏழாம் மாதமே தாய்வீட்டுக்கு வந்துவிட்டேன். எப்போதும்வென்றான் என்கிற ஊர்ப் பக்கம் மானாவாரிக் கிராமம். தார் ரோட்டிலிருந்து உள்ளே வரக் கரிசல் காட்டு வண்டிப்பாதை. என்னைப் பார்க்க அவர் பஸ்ஸில்தான் வருவார், ஏனென்றால் கார் எப்போதும் பிரித்துப் போட்டுக் கிடக்கும். ஒருமுறை லேத் பட்டறை வைத்திருந்த தன் சிநேகிதரையும் கூட்டிவந்தார். இரண்டு டர்போவும் கோணிச்சாக்கில் வந்தன. சின்னது தேங்காய் அளவு, ஏதோ வேனில் இருந்தது. பெரியது பரங்கிக்காய் அளவு, படகு என்ஜினில் இருந்தது. என் அம்மா, மாப்பிள்ளை பலகாரம் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்துச் சாக்கைப் பிரித்து, கையெல்லாம் கரியாக்கிக்கொண்டாள்.

"என்ஜின் விடுத புகை இருக்குல்லா மைனி, அது இந்த விசிறியச் சுத்தும். இந்தப் பக்கத்து விசிறி காத்த அமுக்கி என்ஜினுக்குள்ள தள்ளும்" என்று சிநேகிதர் எனக்குப் பாடம் நடத்தினார். "சின்னதுன்னா வண்டி நகந்ததுமே இழுக்க ஆரம்பிச்சிரும். வேகம் கூடக்கூட மூச்சு முட்டிரும். பெருசு மொதல்ல தூங்கும். என்ஜின் நல்லாச் சுத்த ஆரம்பிச்ச பெறவு மொத்தமா ஒரு தள்ளு தள்ளும் பாருங்க."

அதுவரை தூங்கும் என்றால் அதுவரை என்ன செய்வது என்று கேட்டேன். இரண்டு பேரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள்.

"அப்போ இந்தப் பாதையில எப்படி வரும்?"

"ஏட்டி, வண்டிப்பாதைக்கா டர்போ போடுதோம்? தார் ரோட்டுக்குப் போடுதோம்" என்றார் என் வீட்டுக்காரர்.

சின்னதே இந்த என்ஜினுக்குப் பொருத்தம் என்று சிநேகிதருக்கும் தோன்றியிருக்க வேண்டும், இழுத்து இழுத்துப் பேசினார். என் வீட்டுக்காரர் கேட்கவில்லை. அந்தக் குடும்பத்தில் எதையும் அளவாக வாங்கிப் பழக்கமில்லை. பள்ளிக்கூடச் சட்டைக்கு அளவு கொடுக்கும்போதே, "வளர்ற பிள்ளை, பெருசாவே தைச்சிருங்க" என்று டெய்லரிடம் சொல்கிறவர்கள். இவரும் அதையேதான் சொன்னார். "நாளப்பின்ன இதவிடப் பெரிய என்ஜின் போட்டாலும் ஒதவும்லா. பெருசாவே இருக்கட்டும்." என்ஜினும் வளரும் என்று நினைத்துவிட்டார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது.

இதற்கிடையில் டாக்டரம்மா, பிள்ளை தலை திரும்பாமல் இருக்கிறது, வலி கண்டதும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார். எனக்கு ராத்திரியெல்லாம் பயம். பிள்ளை பிழைக்குமா, நான் பிழைப்பேனா என்று கிடந்தேன். இவரிடம் சொன்னால், "காரு இருக்கும்போது என்ன பயம்?" என்பார். அந்தக் காரை நினைத்துத்தான் பயம் என்று சொல்ல வாய் வரும், விழுங்கிக்கொள்வேன்.

பெரிய டர்போவை மாட்டி ஒருவழியாகக் காரைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் நிறுத்தினார். தார் ரோட்டில் பறந்ததாம். அவர் வந்த நேரம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மழை விட்ட ஒரு காலையில் எனக்கு வலி வந்தது.

பின் சீட்டில் அம்மா மடியில் தலை வைத்துப் படுத்தேன். ஊரைத் தாண்டியதும் பாதை கொழகொழவென்று கிடந்தது. கரிசல் சேற்றில் மெதுவாக, ஒரே சீராக ஊர்ந்து போக வேண்டும். ஊர்ந்தால் வண்டி இழுக்கவில்லை, முக்கியது. இவர் ஆக்ஸிலேட்டரை மிதித்தார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் மிதித்தார். தூங்கிக்கொண்டிருந்தது திடீரென்று விழித்துக்கொண்டு, தார் ரோட்டில் தள்ள வேண்டிய தள்ளை அங்கேயே தள்ளியது. சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றிக் குழி பறித்து, கார் அச்சு வரை இறங்கி உட்கார்ந்துவிட்டது.

பின்னால் நடந்து வந்த அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். காலமெல்லாம் இந்தச் சேற்றில் வண்டி பூட்டினவர். மிதிக்காதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மாப்பிள்ளைக்குப் புத்தி சொல்லக் கூடாதாம்! "மாப்பிள்ள இன்னொரு தடவ பாக்கட்டும்" என்று மரியாதையாகச் சொன்னார். இவர் இன்னொரு தடவை மிதித்தார், கார் இன்னொரு சாண் இறங்கியது. அத்தனை வலியிலும் எனக்கு இரண்டு பேரையும் அறையலாம்போல் இருந்தது.

"ஐயா, வண்டியப் பூட்டுங்க. எனக்கு முடியல" என்று அப்பாவைப் பார்த்துக் கத்தினேன். அதற்குப் பிறகுதான் அப்பா மாட்டை ஓட்டிவர ஓடினார்.

மாட்டு வண்டியில் தார் ரோடு வரை போனோம். தீப்பெட்டிக் கட்டு ஏற்றிய லாரி ஒன்று நின்றது. முன்னால் எனக்கும் அம்மாவுக்கும்தான் இடம் இருந்தது. இவர் ரோட்டில் நின்றார். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்ததும் பிள்ளை கால் முன்னால் வந்து பிறந்தாள். கொஞ்ச நேரம் அழவில்லை. நர்ஸ் தலைகீழாகப் பிடித்துத் தட்டத் தட்ட நான் சாமியெல்லாம் கூப்பிட்டேன். பிறகு அழுதாள். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் ஒன்றும் சொல்வதற்கில்லை என்றார் டாக்டரம்மா.

சாயங்காலம் இவர் வந்தார். இடுப்பு வரை கரிசல் காய்ந்து அப்பியிருந்தது. வழியெல்லாம் அவரை என்னென்ன கேட்க வேண்டுமென்று சேர்த்து வைத்திருந்தேன். அவரைப் பார்த்ததும் பிள்ளையை அவர் பக்கமாகத் திருப்பிக் காட்டினேன். பிள்ளையைத் தொடக் கையை நீட்டி, சேற்றைப் பார்த்து இழுத்துக்கொண்டார். டாக்டரம்மா சொன்னது அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும்.

கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். வார்டில் மற்றப் பெண்கள் பார்க்கிறார்கள் என்றுகூட நினைக்கவில்லை, அழுதார்.

"டர்போ மாட்டும்போது, இந்தப் பாதையில அந்த வண்டியில ஒன்னையக் கூட்டிட்டுப் போகணும்னு எனக்கு ஒரு தடவகூடத் தோணலையே" என்றார்.

"தெரியும்" என்றேன். "எனக்கு அது ஒண்ணுதான் தோணிக்கிட்டே இருந்துச்சு."