துரை காரின் அசல் நிறம்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பவன். கண்ணால் பார்த்தது மட்டும்தான் எனக்குக் கணக்கு. அதனால் இதைச் சொல்லும்போது நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் குடித்திருந்தேன் என்று ராகலை ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார்களே, அந்தச் சாமான் என் நாக்கில் பட்டதே இல்லை.

ஐம்பதுகளின் கடைசி. இலங்கை மலைநாட்டில், நுவரெலியாவில் ஒரு கராஜில் எனக்கு வேலை. ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் ஆபீஸ் கணக்கைப் பார்க்கிற பெரிய கிளாக்கர், சீமைக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரத் துரையின் காரை வாங்கி வைத்திருந்தார். உலகச் சண்டைக் காலத்திலேயே துரை அதற்குக் கறுப்பு அடித்துவிட்டாராம். அதற்கு முன்னால் என்ன நிறம் என்று தோட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை. இப்போது அந்தத் துரை பழைய தோட்டத்தைப் பார்க்க வருகிறார்.

"காரு கப்பல்ல வந்து எறங்குனப்ப என்ன கலரோ, அதே கலர்ல இருக்கணும். தொர பார்த்து அசந்து போகணும்" என்றார் கிளாக்கர்.

என் முதலாளி என் பக்கம் திரும்பி, "கலர் மாறிச்சுன்னா நீ வேற கராஜ் பார்த்துக்க ஆறுமுகம்" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை அவர்.

அசல் நிறத்தை வெளியே தேடக் கூடாது. வெயிலும் கையும் படாத இடத்தில் தேட வேண்டும். டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு, அழுக்கைத் துடைத்துப் பார்த்தேன். பாசிப்பயறு மாதிரி ஒரு பச்சை. கிளாக்கரைக் கூப்பிட்டுக் காட்டினேன், முதலாளியும் குனிந்து பார்த்தார். பச்சைதான் என்று இரண்டு பேருமே சொன்னார்கள்.

பெயிண்ட் ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் இன்னொரு நிறம். அதனால் கலந்ததைப் பிஸ்கட் டின் மூடியில் பூசி, காயவைத்து, பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டேன். துளி வித்தியாசம் இல்லை. எங்கள் ஊர்ப் பனியில் அடித்தால் பெயிண்ட் வெளுத்துப் பூத்துவிடும். வெயில் எட்டிப் பார்க்கும்வரை காத்திருந்து கார் முழுக்க அடித்து முடித்தேன்.

மறுநாள் மத்தியானம் கிளாக்கர் வந்தார். ஒத்துப் பார்க்க டேஷ்போர்டுக்கு அடியில் குனிந்தவர், "என்னப்பா இது?" என்றார். நானும் குனிந்தேன். நம்பினால் நம்புங்கள், அங்கே பீட்ரூட் சிவப்பு. நகத்தால் சுரண்டினேன், கத்தியால் சுரண்டினேன், தகரம் தெரியும்வரை சிவப்பு, பச்சையின் சுவடே இல்லை.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். "நீங்களும் பச்சைன்னுதானங்க சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"நானா? நான் அப்பவே செவப்புன்னுதான் பார்த்தேன். நீ என்ன, குடிச்சிருந்தியா?" என்றார் கிளாக்கர்.

முதலாளி பக்கம் திரும்பினேன். நான் அவர் முகத்தைப் பார்க்கிறேன், அவர் கூரையைப் பார்க்கிறார். இவர்களெல்லாம் மனிதர்களா?

வேலை போய்விடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு, அத்தனையையும் சுரண்டி எடுத்துவிட்டுச் சிவப்பு அடித்தேன். துரை வருகிற அன்று காலையில்கூட, கதவோரத்தில் விட்டுப்போன ஒரு இடத்தில் விரலாலேயே சிவப்புப் பெயிண்டைத் தடவினேன். வழியில் கீறல் பட்டால் சரிசெய்ய ஆள் வேண்டும் என்று கிளாக்கர் என்னையும் நானுஓயா ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்.

துரை ரயிலைவிட்டு இறங்கி வெளியே வந்தார். காரைப் பார்த்ததும் நின்றுவிட்டார். தோட்டத்தில் பழகிய தமிழ் அவருக்கு மறக்கவில்லை.

"அதே பச்ச, கிளாக்கர்! எங்க வீட்டம்மா ஆசப்பட்டு வாங்குன அதே பச்ச!" என்றார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

கார் சிவப்பு. என் கண் முன்னால் பட்டப்பகலில் சிவப்பாக நிற்கிறது. கிளாக்கர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"ஆமாங்க தொர, அதே பச்சதாங்க" என்றார் கையைக் கட்டிக்கொண்டு.

எனக்கு வந்த ஆத்திரத்தில், "செவப்புங்க தொர! அடிச்சவன் நான், எனக்குத் தெரியாதா?" என்று கத்தி, காலையில் பெயிண்ட் தடவிய விரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். நகக்கண்ணில் காய்ந்திருந்தது பச்சை.

கார் அப்போதும் சிவப்பாகத்தான் நின்றது. என் விரல் மட்டும் பச்சை. துரைக்கு முன்னால் மரியாதை இல்லாமல் பேசினேன் என்று அன்றைக்கே என்னை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். துரைக்குக் கண்ணில் கோளாறு என்று நீங்கள் சொல்வீர்கள். சரி, அப்படியென்றால் என் நகத்துக்கு என்ன கோளாறு?

பிறகு ஹட்டனில் இன்னொரு கராஜில் சேர்ந்து நல்ல பெயரும் எடுத்தேன். ஆனால் இன்றைக்கும் ஒரு காரின் நிறத்தைக் கண்டுபிடித்ததும் எனக்கு உடனே கலக்கத் தைரியம் வருவதில்லை. ரோட்டில் போகிற யாரையாவது கூப்பிட்டு, "இது என்ன கலருங்க?" என்று கேட்கிறேன். அவர்களும் நான் பார்த்ததையேதான் சொல்கிறார்கள். அன்றைக்கு அந்த இரண்டு பேரும் அப்படித்தானே ஒத்துச் சொன்னார்கள் என்று, எடுத்த டின்னைத் திரும்ப வைத்துவிடுகிறேன். கிளாக்கரைத் திட்டலாம், முதலாளியைத் திட்டலாம், இத்தனை வருஷமாகத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். இதற்கு நான் யாரைத் திட்டுவது?