கல்லுமேட்டு அம்மன்

என் கணவருக்குக் கோயில் என்றாலே ஆகாது. கல்யாணமான புதிதில் திருவேற்காட்டுக்கு அழைத்துப் போனேன். செருப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்று மனிதர் வாசலிலேயே நின்றுவிட்டார். சரி, செருப்பாவது பத்திரமாக இருந்தது.

நாங்கள் இரண்டு பேரும் தெற்கத்திக்காரர்கள். அம்பத்தூரில் வேலை, பருத்திப்பட்டில் கடனுக்கு வாங்கிய ஃபிளாட். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மற்றவர்கள் குடும்பத்தோடு எங்காவது போவார்கள். இவர் பைக்கை எடுத்துக்கொண்டு பட்டாபிராம் தாண்டி ஒரு பொட்டல்காட்டுக்குப் போவார். ஒருநாள் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். சீமைக்கருவேலம் மண்டிய ஒரு மேடு. அதைச் சுற்றி, பாதி மண்ணுக்குள் புதைந்த பெரிய பெரிய பாறாங்கற்கள் வட்டமாக நின்றன. அக்கம்பக்கத்தில் கல்லுமேடு என்பார்கள்.

“இதைப் பாக்கவா இந்த வெயில்ல கூட்டிட்டு வந்தீங்க?”

“இது இடுகாடும்மா. ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல ஆகியிருக்கும். செத்தவங்களைத் தாழியில வெச்சுப் புதைச்சு, மேல மண்ணைக் குவிச்சு, சுத்திக் கல்லு நட்டிருக்காங்க.”

“லீவு நாள்ல பொண்டாட்டியை இடுகாட்டுக்குக் கூட்டிட்டு வர்ற புருஷன் எனக்குன்னு வாய்ச்சிருக்கு” என்றேன். சிரித்தார். ஆனால் அவர் ஏன் அங்கே வருகிறார் என்பது எனக்குத் தெரியும். அவருடைய அம்மாவை ஊரில் புதைத்திருந்த இடம் சாலை அகலப்படுத்தியதில் போய்விட்டது. வேலையெல்லாம் முடிந்த பிறகுதான் யாரோ போனில் சொன்னார்கள். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. அதற்கப்புறம்தான் இந்தக் கல்லுமேட்டுப் பைத்தியம் பிடித்தது. இங்கே கிடப்பவர்களையாவது யாரும் தோண்டக் கூடாது. அவ்வளவுதான் அவருடைய ஆசை.

அந்தப் பக்கம் மனை பிரிக்க ஆரம்பித்தார்கள். இவர் தொல்லியல் துறைக்கு மனு கொடுத்தார். அங்கிருந்து ஒருவர் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு, போர்டு வைக்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார். போர்டு வரவில்லை, ஜேசிபிதான் வந்தது. மேட்டின் அடிவாரத்தில் அது நின்றுகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு முகமே செத்துப்போயிருந்தது.

மறுநாள் விடிந்ததும் என் அஞ்சறைப்பெட்டியில் மஞ்சள்தூளைக் காணோம். பூஜை அலமாரியில் குங்குமத்தையும் காணோம். எங்கள் தெருமுனைச் சுவரில் ஆட்கள் ஒன்றுக்குப் போகாமல் இருக்க சாமி படம் போட்ட டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்து இவருக்கு யோசனை வந்திருக்கிறது. இருப்பதிலேயே உயரமான கல்லுக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, சிவப்புத் துணி சுற்றி, வேப்பிலையும் செருகிவிட்டு வந்து நின்றார். கையெல்லாம் மஞ்சள். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

பலித்துவிட்டது. ஜேசிபி ஓட்டுபவர் கல்லைப் பார்த்ததும் வண்டியை அணைத்துவிட்டு இறங்கினாராம். “மேல அம்மா கீது சார். நான் கை வெக்க மாட்டேன், எனக்குப் புள்ளகுட்டி கீது. வேற ஆளப் பாத்துக்கோ.” வேறு ஆளும் வரவில்லை. அன்று மத்தியானம் எங்கள் வீட்டில் பிரியாணி. அவர் அப்படிச் சந்தோஷமாகச் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை.

முதலில் அக்கம்பக்கத்தார் வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றினார்கள். பிறகு தகரக் கொட்டகை. ஆடி மாதம் கூழ் ஊற்றினார்கள், மைக் செட் வந்தது, உண்டியல் வந்தது. மனைக்காரரும் லேசுப்பட்டவர் இல்லை. கோயிலுக்கு அருகில் மனைகள் என்று பேனர் கட்டிவிட்டு, கட்டடச் செலவு தன்னுடையது என்றார். மேலேதானே கட்டப்போகிறார்கள், மண்ணுக்குள்ளே யார் போகப் போகிறார்கள் என்று இவர் தன்னைத்தானே தேற்றிக்கொண்டார்.

கருவறைக்கு அஸ்திவாரம் தோண்டுவது நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோதுதான் தெரிந்தது. பாதி மேட்டைக் காணோம். வட்டமாக நின்ற கற்களை உடைத்து ஜல்லியாகக் குவித்திருந்தார்கள். கருப்பும் சிவப்புமாகப் பானை ஓடுகள். மண்ணோடு மண்ணாக வெள்ளையாய்ச் சில துண்டுகள். அவை எலும்பு என்று எனக்கே தெரிந்தது. எல்லாவற்றையும் கூடையில் அள்ளி, தரையை உயர்த்த பேஸ்மட்டத்துக்குள் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

இவர் குழிக்குள் இறங்கிக் கையை விரித்துக்கொண்டு நின்றார். “இது சாமியே இல்ல! நான்தான் மஞ்சள் பூசினேன். இது மனுஷங்களைப் புதைச்ச இடம்” என்று கத்தினார்.

கோயில் வேலையை முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மாள், சின்ன வயதில் அதே நிலத்தில் களையெடுத்தவர். இப்போது ஒரு கம்பெனி கேண்டீனில் வேலை. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“இன்னா நைனா சொல்ற, நீயா வெச்சே? அவ உன்னை கூப்ட்டு வெக்க வெச்சிகிறா. சாமியே கும்பிடாத ஆளுன்னு சொல்றாங்க. எத்தினி பேரு இந்தப் பக்கம் போய்கினு வந்துகினு இருந்தாங்க, ஏன் உன் கையால வெச்சா, சொல்லு?”

சொல்லிக்கொண்டே குழிக்குள் இறங்கி, அந்த அம்மாள் இவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார். கூடை வைத்திருந்தவர்களும் கும்பிட்டார்கள். கும்பிட்டு முடித்ததும் வேலை தொடர்ந்தது. எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல் இருந்தது.

கும்பாபிஷேகத்தன்று ஆட்டோ வைத்து வந்து அழைத்துக்கொண்டு போனார்கள். பரிவட்டம் கட்டி முதல் மரியாதை இவருக்குத்தான். கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பக்தி என்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

போன மாதம் காட்டுப்பாக்கத்தில் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டு உள்வழியாகத் திரும்பினோம். ஓர் ஏரிக்கரையை ஒட்டி இன்னொரு கல்வட்டம். கல்லுமேட்டைவிடப் பெரியது. அதன் பக்கத்திலேயே மனைக்கல் நட்டிருந்தார்கள், ஒரு ஜேசிபியும் நின்றது. வண்டியை நிறுத்தி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாள் கிண்டல் செய்த நான்தான், “மனு எழுதலாங்க, நானும் கூட வரேன்” என்றேன்.

“வேணாம்மா. ஜேசிபின்னா ஒரே நாள்ல முடிஞ்சுடும். இங்க கிடக்கிறவங்க மேல ஏறி நின்னு யாரும் மணி அடிக்க மாட்டாங்க.”

வண்டியைக் கிளப்பினார். நானும் ஏறி உட்கார்ந்தேன்.