இருபத்தாறு பாகை

என் கையெழுத்து அழகானது என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த அழகான கையெழுத்தில் நான் நிரப்பிய ஓர் அட்டை இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. பழுப்பு நிறத் தடித்த அட்டை, மேலே கம்பி கோர்த்துத் தொங்கவிட ஒரு துளை, கீழே நான்கு நிரல்கள்: திகதி, வெப்பநிலை, ஈரப்பதன், வடிகட்டியின் நிலை. வெப்பநிலை இருபத்தாறு பாகை. சில கிழமைகளில் இருபத்தேழு. ஈரப்பதன் ஐம்பத்தைந்தை ஒட்டி. கடைசி நிரலில் எல்லா வியாழக்கிழமையும் ‘சுத்தம்’. ஏறக்குறைய ஐந்து மாதங்களுக்கு அதில் இருந்த ஓர் எண்ணும் உண்மையில்லை. எல்லாம் அலுவலக மேசையில் இருந்தபடி நான் யோசித்து யோசித்து எழுதியவை. எல்லா வாரமும் ஒரே எண்ணாக இருந்தால் சந்தேகம் வரும் என்று இடைக்கிடை ஒன்றைக் கூட்டினேன், ஒன்றைக் குறைத்தேன். பொய்யில் கூட எனக்கு அவ்வளவு கவனம்.

யுத்தம் முடிந்து சில வருடங்களில், எலுவன்குளத்துக்கு அப்பால் சுண்ணாம்புக்கல் வெட்டும் ஓர் அகழ்வில் எனக்கு வேலை கிடைத்தது. பாதுகாப்புப் பிரிவில் உதவியாளர். மன்னாரிலிருந்து துரத்தப்பட்டுப் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் வாழ்க்கையைத் தொடங்கிய எங்கள் குடியேற்றத்தில், அப்படியொரு இடத்துக்கு வேலைக்குப் போன முதல் பெண் நான்தான். வாப்பா ஒரேயொரு நிபந்தனை போட்டார். அங்கே ஆண்களுக்குக் கொடுக்கும் காற்சட்டையை நான் போடக்கூடாது. நானும் சம்மதித்து, நீளப் பாவாடையும் தலையில் முக்காடும் அதற்கு மேல் தொப்பியுமாகப் போய் வந்தேன். கண்ணாடியில் பார்த்தால் எனக்கே சிரிப்பு வரும்.

நான் சொல்ல வந்தது, அண்ணன் முறையில் ஒப்பரேட்டர் நானா என்று நாங்கள் கூப்பிட்டவரைப் பற்றி. கல்லுடைக்கும் பெரிய இயந்திரத்தை இயக்கியவர் அவர். அவரும் எங்களைப் போல மன்னாரிலிருந்து வந்தவர். ஆனால் அங்கே போகும்வரை எனக்கு அவரைத் தெரியாது. இயந்திரத்துக்கு மேலே, மூன்று தட்டு உயரத்தில், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட சிறிய அறை அவருடையது. அதில் ஏசி இருந்தது. “ஏசி எங்களுக்கில்ல தங்கச்சி, உள்ள இருக்கிற மெஷின் பெட்டிக்கு. அதுக்குப் பக்கத்தில இருக்கிறதால எனக்கும் கொஞ்சம் கிடைக்குது” என்பார். ஆறு வருடமாக ஒப்பந்தத்தில் இருந்தவர். அந்த வருடம் அவரை நிரந்தரமாக்குவதாக எல்லோரும் கதைத்துக்கொண்டார்கள். அவருடைய வீட்டில் அதை நம்பித்தான் எல்லாத் திட்டமும் போட்டிருந்தார்கள்.

அந்த அறை இயங்கும் விதம் எளிதானது. ஒரு விசிறி வெளிக்காற்றை வடிகட்டி வழியாக உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். உள்ளே காற்று நிறைந்து நிற்பதால் கதவிடுக்கால் தூசு நுழையாது. வடிகட்டி அடைத்துவிட்டால் எல்லாம் தலைகீழாகிவிடும். காற்றும் வராது, ஏசியும் இழுக்காது, எந்தச் சிறு வெடிப்பு வழியாகவும் தூசு உள்ளே வந்துவிடும். வியாழன்தோறும் மேலே ஏறி, சுவரிலுள்ள மானிகளைப் பார்த்து அட்டையில் எழுதுவதும், வடிகட்டி அடைத்திருந்தால் பராமரிப்புப் பகுதிக்குத் துண்டு எழுதிக் கொடுப்பதும் என் வேலை. என் துண்டு இல்லாமல் அவர்கள் ஓர் ஆணியைக்கூடக் கழற்ற மாட்டார்கள்.

மேலே ஏறும் படிகள் இரும்புக் கம்பிப் பின்னல். தூசு தங்காமல் கீழே விழுவதற்காக அப்படிச் செய்திருந்தார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் ஏறுபவரின் செருப்பின் அடிப்பக்கம் தெரியும். நான் முதல்நாள் ஏறியபோது இரண்டாம் தட்டில் கீழேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. உடைத்த கல்லைக் கொண்டுபோகும் பட்டிக்குப் பக்கத்தில் இரண்டு பேர் நின்றார்கள். அவர்கள் எதற்குச் சிரித்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வேறேதோ பகிடியாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் எனக்குக் கால் கூசிப்போனது. பாவாடையை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். நானா கதவைத் திறந்து வெளியே வந்து, “டேய், அங்கால போங்கடா! ஆக்கள் ஏறுறது தெரியேல்லையா?” என்று சத்தம் போட்டார். அதன்பிறகு வாப்பாவுக்குத் தெரியாமல் பாவாடைக்கு அடியில் காற்சட்டை போட்டுப் பார்த்தேன். அப்படியும் மூன்று நான்கு வியாழன்தான் ஏறினேன். பிறகு, தூசு படுகிறது என்று சாட்டுச் சொல்லி, அறையில் தொங்கிய அட்டையைக் கழற்றி அலுவலகத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

யாரிடமாவது சொல்லியிருக்கலாம். படியில் தகடு அடியுங்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தால் அடித்திருப்பார்கள். ஆனால் அதை எழுதினால் காரணம் கேட்பார்கள், காரணத்தைச் சொன்னால் பெண்ணை வேலைக்கு எடுத்ததே பிழை என்பார்கள், வாப்பாவின் காதுக்கும் போகும். இப்படி எனக்கு நானே நூறு நியாயம் சொல்லிக்கொண்டேன்.

தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று பிடித்த மாதத்தில் நானா ஒருநாள் அலுவலகத்துக்கு இறங்கி வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. “தங்கச்சி, உள்ள இருக்க ஏலாமக் கிடக்கு. மூச்சு முட்டுது. ஒருக்கா வந்து பாருங்களன்” என்றார். “ஓம் நானா, நாளைக்கு வாறன்” என்றேன். அடுத்த கிழமையும் வந்தார். அப்போதும் அதே பதில். மேலே போகாமலே துண்டு எழுதியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் பேனையை எடுத்தேன். ஆனால் போன வியாழன் வரை ‘சுத்தம்’ என்று எழுதிய கை, இந்த வியாழன் முற்றாக அடைத்துவிட்டது என்று எழுதினால் கேள்வி வரும். அதனால் பேனையை மூடி வைத்துவிட்டேன்.

மூச்சுத் திணறித்தான் அவர் கதவைத் திறந்து, மூடாமலிருக்க ஒரு கல்லை அடைகொடுத்திருக்கிறார். அந்த அறைக் கதவு திறந்திருக்கக்கூடாது என்பது விதி. சுண்ணாம்புத் தூசு அள்ளிக்கொண்டு உள்ளே வந்து இயந்திரத்தை இயக்கும் மின்பெட்டிக்குள் படிந்தது. ஒரு மதியம் பட்டியை நிறுத்தும் பொத்தானை அழுத்தியும் பட்டி நிற்கவில்லை. கிழிந்து சுருண்டுவிட்டது. அல்லாஹ் காப்பாற்றினான், யாருக்கும் காயமில்லை. வேலை நான்கு நாட்கள் நின்றது.

விசாரணையை முகாமையாளர் நடத்தினார். அவர் சிங்களவர். நானாவுக்குச் சிங்களம் நன்றாக வரும். ஆனாலும் வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்கிற கதை என்பதால் தமிழில்தான் சொல்வேன் என்றார். மொழிபெயர்க்க என்னை உட்கார வைத்தார்கள். மேசையில் என் அட்டை இருந்தது. நானா, உள்ளே அடுப்பங்கரை போல் கொதித்தது, அதனால் திறந்தேன் என்றார். நான் அதை ஒரு சொல் விடாமல் சிங்களத்தில் சொன்னேன். முகாமையாளர் அட்டையை விரலால் தட்டி, இதில் இருபத்தாறு என்று இருக்கிறதே, அப்படியானால் இவர் சொல்வது பொய்யா என்று கேட்கச் சொன்னார். நானும் கேட்டேன். “நானா, அட்டையில இருபத்தாறு எண்டு கிடக்காம். நீங்க சொல்றது பொய்யா எண்டு கேக்கிறார்.” என் வாயால், அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டேன்.

நானா அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மேசையில் இருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். “தங்கச்சி எழுதினா சரியாத்தான் இருக்கும்” என்றார். அதையும் நான் மொழிபெயர்த்தேன். குரல்கூடத் தடுமாறவில்லை. முகாமையாளர், பதிவுகள் ஒழுங்காக வைத்திருக்கிறாய் என்று என்னைப் பாராட்டினார். நானாவின் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிந்தது.

அவர் போய் இரண்டு நாள் கழித்து, பராமரிப்புப் பகுதி மெக்கானிக் என் துண்டுக்குக் காத்திராமலே அந்த வடிகட்டியைக் கழற்றிக் கீழே கொண்டுவந்தார். வெள்ளையாக இறுகி, தட்டினால் பலகைச் சத்தம் கேட்டது. அதை என் அலுவலக வாசலில் சாத்தி வைத்துவிட்டுப் போனார். அந்த வியாழன் நான் மேலே ஏறினேன். கீழே நாலைந்து பேர் நின்றார்கள், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்த வேலையில் இருந்தவரை ஒரு வியாழனும் ஏறாமல் விடவில்லை. ஏறமுடியும் என்பது, அவர் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இப்போது நான் வேறிடத்தில் இருக்கிறேன். வேலைத்தலங்களில் காற்றோட்டம் எப்படி இருக்கவேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். மானியை நேரில் பார்க்காமல் எழுதக்கூடாது என்று நான் சொல்லும்போது எல்லோரும் தலையாட்டுவார்கள். நான் அவசரமாக அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். ஒருமுறை புத்தளம் பஸ் நிலையத்தில் நானாவைத் தூரத்தில் கண்டு, பாண் வாங்குவது போல் ஒரு கடைக்குள் நுழைந்து, அவர் பஸ் ஏறும்வரை அங்கேயே நின்றேன். அவ்வளவு பெரிய தைரியசாலி நான்.

போன வருடம்தான் மனதைக் கல்லாக்கிக்கொண்டு அவருடைய வீட்டுக்குப் போனேன். அவர் உப்பளத்தில் கூலிக்குப் போகிறார். வெயிலில் கறுத்து, கால் வெடித்து, ஆள் பாதியாகியிருந்தார். கதிரையைத் தூசு தட்டிப் போட்டார். பாடமாக்கிக்கொண்டு போனதையெல்லாம் நான் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மெல்லச் சிரித்தார்.

“நீங்க மேல வரேல்ல எண்டு எனக்குத் தெரியாதா தங்கச்சி? மேல இருந்தது நான்தானே.”

“அப்ப ஏன் நானா அண்டைக்குச் சொல்லேல்ல?”

“நான் சொன்னா, ஏன் ஏறேல்ல எண்டு உங்களக் கேப்பாங்க. அவ்வளவு ஆம்புளயளுக்கு முன்னால நீங்க என்னத்தச் சொல்லுறது?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஆனா, நீங்களாச் சொல்லுவீங்க எண்டு கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டுதான் இருந்தன்” என்றார்.

அப்போது அவருடைய மனைவி தேத்தண்ணியோடு வந்தார். “புள்ளைக்கு வேர்த்துக் கொட்டுது” என்று, நானாவின் பக்கம் பார்த்து ஓடிக்கொண்டிருந்த மேசை விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார். நானா தோளில் கிடந்த துவாயால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். வேண்டாம் ராத்தா, அவர் பக்கமே இருக்கட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் கோப்பையை வாங்கிக்கொண்டேன். தேத்தண்ணி குடித்து முடியும்வரை அந்த வீட்டிலிருந்த காற்று முழுவதும் என்மேல்தான் வீசிக்கொண்டிருந்தது.