கழுத்தைப் பார்த்துப் பிடித்த வீடியோக்காரர்

என் அக்காவுக்கு வேலை செய்த இடத்தில் பூதக்கண்ணாடி என்று பெயர். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில், தைத்து முடித்த சட்டைகள் பெட்டிக்குள் போகும் முன் சரிபார்க்கிற மேஜையில் பாதி வாழ்க்கை நின்றவள். காலரில் ஒரு தையல் விட்டுப்போயிருந்தால், சட்டையை விரிக்கும்போதே சொல்லிவிடுவாள். நான் ஆசையாகப் புதுத்துணி வாங்கிக்கொண்டு போய்க் காட்டினால், நன்றாக இருக்கிறது என்று சொல்வதற்கு முன்பே ஓரத்தைத் திருப்பிப் பார்ப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளிடம் எதையுமே காட்டக்கூடாது என்று கொஞ்ச காலம் முறுக்கிக்கொண்டுகூட இருந்தேன்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் கண்ணில் கோளாறு வந்தது. பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறதாம். நேரே இருப்பது நன்றாகத் தெரியும், பக்கத்தில் இருப்பது தெரியாது. "குழாய் வழியா பாக்கிற மாதிரி இருக்குடி" என்றாள் என்னிடம். அந்தக் குழாய் இன்னும் குறுகும், கடைசியில் அடைத்துக்கொள்ளும், எப்போது என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். இது அத்தானுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவளுடைய ஒரே மகளுக்குத் தெரியாது. கல்யாணம் முடியும்வரை மூச்சு விடக்கூடாது என்று எங்கள் இருவர் வாயையும் அக்கா கட்டிப்போட்டிருந்தாள். விஷயம் தெரிந்தால் கல்யாணத்தைத் தள்ளிப்போடு என்று அந்தப் பெண் ஒற்றைக்காலில் நிற்பாள். நின்றாலும் நிற்பாள், அம்மாவின் பிடிவாதம் அப்படியே வந்திருக்கிறது.

கதவு நிலையில் இடித்துக்கொண்டால் ஏதோ யோசனை என்பாள் அக்கா. தம்ளரைத் தட்டிவிட்டால் வயதாகிறது என்பாள். அம்மாவுக்குக் கல்யாணப் படபடப்பு என்று மகள் கேலி செய்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்கிற நான் ஏதோ வேலை இருப்பதுபோல எழுந்து போய்விடுவேன்.

இந்த லட்சணத்தில்தான் வீடியோ பேச்சு வந்தது. மகள் கேட்டதும் அக்கா வேண்டாம் என்றுவிட்டாள். வீண் செலவு, யார் அதைப் போட்டுப் பார்க்கிறார்கள் என்று ஏதேதோ சொன்னாள். உண்மையான காரணத்தைச் சமையலறையில் என்னிடம் மட்டும் சொன்னாள். எங்கள் தம்பி மகனின் கல்யாணத்தில் முன்வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறாள். நல்ல நேரம் பார்த்து வீடியோக்காரர், போட்டோக்காரர், விளக்குப் பிடிக்கிறவர் எல்லோரும் முன்னால் வந்து நின்றுவிட்டார்கள். மற்றவர்கள் இப்படியும் அப்படியும் சாய்ந்து எப்படியோ பார்த்துக்கொண்டார்கள். அக்காவின் பார்வை வட்டத்துக்குள் ஒரு முதுகு வந்து நின்றால் அப்புறம் அதில் வேறு எதற்கும் இடமில்லை. சாய்ந்தால் அடுத்த முதுகு.

"மாப்பிள்ளை மூஞ்சியையே பாக்கலடி. முன்னால நின்னவனோட கறுப்புச் சட்டையில தோள்பட்டைத் தையல் பிரிஞ்சிருந்தது, அதைத்தான் பாத்துட்டு வந்தேன்" என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே, தன் பெண்ணின் கல்யாணத்தை மட்டுமாவது முழுசாகப் பார்த்துவிட வேண்டும், வேறு எதுவும் கேட்கவில்லை என்றாள்.

ஆனால் மகளுக்கும் ஒரு காரணம் இருந்தது. கல்யாணம் ஆனதும் புருஷனோடு கடல் தாண்டிப் போகிறாள். அங்கே தனியாக உட்கார்ந்திருக்கும்போது எல்லோரையும் எதில் பார்ப்பது என்று கேட்டாள். கடைசியில், வீடியோ வைக்கலாம், ஆனால் ஆளை நான்தான் பார்ப்பேன் என்று இறங்கி வந்தாள்.

முதலில் போனது கடைத்தெருவில் மாடியில் இருந்த ஒரு பெரிய ஸ்டுடியோவுக்கு. குளுகுளு அறை, சுவர் முழுக்க டிவி. மண்டபத்தை வானத்திலிருந்து காட்டினார்கள், மணப்பெண்ணின் கண்ணிமை அசைவதைக் காட்டினார்கள். அவர்கள் கல்யாணத்தை எடுத்தார்களா, வாசனைத் திரவிய விளம்பரம் எடுத்தார்களா என்று எனக்குச் சந்தேகம். மகள் வாயைப் பிளந்து பார்த்தாள். அக்கா நாற்காலியை டிவிக்கு நேரே இழுத்துப் போட்டுக்கொண்டு, இன்னொரு முறை மெதுவாக ஓட்டச் சொன்னாள். பிறகு யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்துவிட்டாள்.

படியிறங்கும்போதுதான் விஷயத்தைச் சொன்னாள். மணமக்களுக்குப் பின்னால் தெரிந்த கூட்டத்தைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். ஒருவர் கழுத்துகூட நேராக இல்லையாம். எல்லோரும் கொக்கு மாதிரி எட்டி எட்டிப் பார்க்கிறார்களாம். அப்படியென்றால் அவர்கள் முன்னால் கேமராக்காரர்கள் நிற்கிறார்கள் என்று அர்த்தம். நானும் அதே படத்தைத்தான் பார்த்தேன், ஒரு கழுத்தும் கண்ணில் படவில்லை. கல்யாணப் பெண்ணைப் பார்க்கச் சொன்னால் விருந்தாளி கழுத்தை எண்ணுகிறாயே என்று மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

இரண்டாவது ஆள் மடிக்கணினியோடு வீட்டுக்கே வந்தார். வாய் ஓயவில்லை. நான்கு பேர் வருவோம், ஒருவர் மேடையை விட்டு இறங்கவே மாட்டார், எதுவும் தப்பாது என்றார். அக்கா அவருக்குத் தேநீர் கொடுத்து மரியாதையாக வழியனுப்பிவிட்டு, "நாலு முதுகு" என்று முணுமுணுத்தாள்.

மகளுக்குக் கோபம் வந்துவிட்டது. வேண்டாம் என்று நேராகச் சொல்ல மனமில்லாமல் நொட்டை சொல்லிக்கொண்டிருக்கிறாய் என்று சொல்லிவிட்டு, அம்மாவோடு பேசுவதை நிறுத்தினாள். அக்கா ஆடிப்போனாள். போகிற பெண் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டா போவது, அந்த மாடி ஸ்டுடியோவையே வைத்துக்கொள்ளட்டும் என்று என்னிடம் சொன்னாள். விட்டுக்கொடுப்பதற்கும் ஓர் அளவு வேண்டாமா? எனக்கு வந்த கோபத்தில் நானே தெருத்தெருவாக விசாரித்து மூன்றாவது ஆளைப் பிடித்து, அம்மாவையும் மகளையும் அங்கே இழுத்துக்கொண்டு போனேன்.

ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. பள்ளிக்கூட விழாக்களும் சின்னச் சின்னக் கல்யாணங்களும் எடுப்பவர். அதிகம் பேசாதவர். அவர் போட்டுக் காட்டிய படத்தில் பிரமாதமாக ஒன்றும் இல்லை. ஆனால் இந்த முறை நானும் கூட்டத்தைப் பார்த்தேன். ஒரு குழந்தை தோளில் தூங்கியது. ஒரு பெரியவர் கால்மேல் கால் போட்டிருந்தார். கழுத்துகள் எல்லாம் நேராக இருந்தன. அக்கா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

முந்தின நாளே மண்டபத்துக்குப் போய் இரண்டு ஓரத்திலும் கேமராவை நிறுத்திவிடுவேன், நான் தள்ளி நின்று பெரிய லென்ஸில் எடுப்பேன், அதனால் மேடையைச் சுற்றிச் சுற்றி எடுக்கிற படமெல்லாம் வராது என்றார் அவர். மகளின் முகம் விழுந்ததைப் பார்த்துவிட்டு, முக்கியமான நேரத்தில் மட்டும் கொஞ்சம் முன்னால் வந்து நின்றுகொள்கிறேன், அது போதுமா என்று கேட்டார். மகள் உடனே தலையாட்டினாள்.

"அது மட்டும் வேணாம்" என்றாள் அக்கா.

"கொஞ்ச நேரம்தான்மா. நீங்க அப்புறமா வீடியோவுல நிதானமா பாத்துக்கலாம்."

"அப்புறம் என்னால பாக்க முடியாதுப்பா. அன்னைக்கே பாத்துடணும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. மகள் அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எனக்கு எதையும் மறைக்கத் தெரியாத முகம். என்ன சித்தி என்று அவள் கேட்பதற்குள் அக்காவே சொல்லிவிட்டாள், துணியில் இருக்கிற பழுதைச் சொல்வது போல, ஏற்ற இறக்கம் இல்லாமல். அந்த மனிதர் எழுந்து ஜெராக்ஸ் கடைப் பக்கம் போய்விட்டார்.

மகள் அழவில்லை. அம்மாவின் காதோரமாகக் கையை நீட்டி மெல்ல ஆட்டினாள். அக்கா திரும்பவே இல்லை, நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அந்தக் கையை இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று முன்னால் கொண்டுவந்து, அது அக்காவுக்குத் தெரிந்த இடத்தில் நிறுத்தினாள். ஏறக்குறைய மூக்குக்கு நேரே வர வேண்டியிருந்தது. எனக்குத்தான் தாங்கவில்லை, புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன்.

அந்த மனிதர் திரும்பி வந்ததும், மண்டபத்தின் அமைப்பை ஒரு தாளில் வரைந்து காட்டச் சொன்னாள் மகள். அவர் மேடையைப் போட்டுவிட்டு, கேமரா நிற்கும் இடங்களைக் குறிக்கப் போனார். அவள் பேனாவை வாங்கிக்கொண்டாள். மேடையில் தான் நிற்கப்போகும் இடத்துக்கு நேர் எதிரே ஒரு வட்டம் போட்டாள்.

"இது அம்மா நிக்கிற இடம். இதுக்கும் எனக்கும் நடுவுல யாரும் வரக்கூடாது. கேமராவுல நான் சரியா விழலைன்னாலும் பரவாயில்லை."